குடும்பத்தோடு பார்க்கப் பழைய காமெடிப் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிக்கூடம் லீவு விட்டாலும் சரி, வீட்டு விசேஷத்துக்கு நாலு பேர் கூடினாலும் சரி, யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்: "பெரியவங்க, சின்னவங்க எல்லாரும் சேர்ந்து பார்க்கிற மாதிரி ஒரு பழைய காமெடிப் படம் சொல்லுங்களேன்." கேட்ட ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துப்போனதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். தமிழ்ப் படங்கள் மட்டும்தான். கதை முடிவுகளை முடிந்தவரை மறைத்திருக்கிறேன்.

பழைய காமெடிப் படம் என்றால் எந்தக் காலம்?

என் கணக்கில் 1955இல் வந்த 'மிஸ்ஸியம்மா'வில் தொடங்கி 1996இல் வந்த 'அவ்வை சண்முகி'யோடு முடிகிறது. அதற்கு முன்னாலும் உண்டு. ஏவி.எம்.மின் 'சபாபதி' 1941லேயே வந்துவிட்டது. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம் அது. முதலாளி பேரும் சபாபதி, வேலைக்காரன் பேரும் சபாபதி. டி.ஆர்.ராமச்சந்திரனும் காளி என்.ரத்தினமும் பண்ணுகிற கூத்து இன்றைக்கும் சிரிக்க வைக்கும். ஆனால் ஒலித்தரத்தைச் சகித்துக்கொள்ளப் பொறுமை வேண்டும்.

இந்த நாற்பது வருஷமும் ஒரே சீராகப் போகவில்லை. அறுபதுகளில் ஸ்ரீதர், சித்ராலயா கோபு, கே.பாலசந்தர் என்று ஒரு கூட்டம். எண்பதுகளில் விசு, பாக்யராஜ், பாண்டியராஜன். தொண்ணூறுகளில் கமலும் கிரேசி மோகனும். நடுவில் எழுபதுகள் கொஞ்சம் வறட்சிதான். 1972இல் வந்த 'காசேதான் கடவுளடா' அந்த வறட்சிக்கு நடுவே பெய்த நல்ல மழை.

அந்தக் காலத்தில் எல்லாமே சுத்தமாக இருந்தது என்கிறார்களே, உண்மையா?

இல்லை. எல்லாக் காலத்திலும் இரட்டை அர்த்தம் உண்டு, கிளப் டான்ஸ் உண்டு, பெண்ணைத் துரத்திக்கொண்டு பாடுகிற நாயகன் உண்டு. நாம் ஞாபகம் வைத்திருப்பது நல்ல படங்களை. மற்றவை மறந்துபோய்விட்டன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் 'குடும்பப்' படங்கள் எடுத்துக்கொண்ட விஷயங்கள் ஒன்றும் பால்வாடிச் சமாச்சாரம் அல்ல. 'மிஸ்ஸியம்மா'வின் கதை என்ன? கல்யாணம் ஆகாத ஓர் ஆணும் பெண்ணும், புருஷன் பெண்டாட்டி என்று பொய் சொல்லி வாத்தியார் வேலைக்குச் சேர்ந்து, ஒரே வீட்டில் தங்குகிறார்கள். அவன் இந்து, அவள் கிறிஸ்தவப் பெண். 1955இல்! ஜெமினி கணேசனும் சாவித்திரியும் நடித்த அந்தப் படத்தைத் தாத்தா பாட்டியோடு உட்கார்ந்து பார்த்தார்கள், யாரும் முகம் சுளித்ததாகத் தெரியவில்லை. 'அவ்வை சண்முகி'யில் விவாகரத்தான புருஷன் பெண் வேஷம் போட்டுக்கொண்டு மாமனார் வீட்டில் வேலைக்குச் சேருகிறான். மாமனாருக்கே அந்த 'மாமி' மேல் ஆசை வந்துவிடுகிறது. ஒரு வரியில் சொன்னால் வில்லங்கமான கதை. திரையில் பார்த்தால் ஜெமினி கணேசனின் வெட்கத்தைப் பார்த்துக் குழந்தைகள் உருண்டு சிரிக்கும்.

ஆக, கதை எதைப் பற்றியது என்பதைவிட யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறார்கள் என்பதைத்தான் நான் பார்ப்பேன். பெரும்பாலும் இந்தப் படங்களில் நாம் சிரிப்பது மாட்டிக்கொண்டு முழிப்பவனைப் பார்த்து. அவன் மாட்டிக்கொண்டதற்குக் காரணமும் அவனேதான்.

அப்படியானால் இந்தப் படங்களுக்கெல்லாம் பொதுவாக ஒரு ஃபார்முலா இருக்கிறதா?

இருக்கிறது: வீட்டுக்குள் ஒரு பொய். அவ்வளவுதான்.

'காதலிக்க நேரமில்லை'யில் (1964) வேலையிலிருந்து துரத்தப்பட்ட அசோக், பெரிய பணக்காரரின் மகன் என்று பொய் சொல்கிறான். பொய்யைக் காப்பாற்ற நண்பன் வாசுவுக்கு ஒட்டுத்தாடி வைத்துப் பணக்கார அப்பாவாக்குகிறான். 'அன்பே வா'வில் (1966) எம்.ஜி.ஆர். தன் சொந்த பங்களாவிலேயே யாரென்று சொல்லாமல் வாடகைக்குத் தங்குகிறார். வாடகைக்கு விட்டுக் காசு பார்ப்பவர், அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டிய நாகேஷ். 'மணல் கயிறு' (1982) படத்தில் மாப்பிள்ளை எஸ்.வி.சேகர் எட்டு நிபந்தனை போடுகிறார். எட்டும் சரியாகப் பொருந்துவதாகப் பொய் சொல்லி நாரதர் நாயுடு கல்யாணத்தை முடித்துவிடுகிறார். 'தில்லு முல்லு'வில் (1981) ஒரு பொய்யை மறைக்க இல்லாத தம்பியையே பிறப்பிக்க வேண்டியதாகிறது.

ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொரு பொய். அதற்கு ஆள் சேர்க்க வேண்டும். அம்மா வேஷம் போட ஒருத்தர், அப்பா வேஷம் போட ஒருத்தர். இப்படி வீட்டில் உள்ள எல்லாரும் கதைக்குள் வந்துவிடுவார்கள். அப்பா, அத்தை, சமையல்காரர், டிரைவர், பக்கத்து வீட்டு மாமி, எல்லாருக்கும் அதில் வேலை இருக்கும். குடும்பப் படமாக அவை ஆனதற்கு அதுதான் காரணம் என்பது என் கட்சி. ஆபாசம் இல்லை என்பதால் மட்டும் ஒரு படம் குடும்பப் படமாகிவிடாது. அதில் குடும்பம் இருக்க வேண்டும்.

தனியாக நகைச்சுவை நடிகர் இல்லாமலா?

தமிழ் சினிமாவில் காமெடிக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று டிராக். கதை ஒரு பக்கம் அழுதுகொண்டிருக்கும், நகைச்சுவை ஜோடி இன்னொரு பக்கம் தன் வேலையைப் பார்க்கும். என்.எஸ்.கிருஷ்ணன், டி.ஏ.மதுரம் காலத்திலிருந்தே இது உண்டு. 'கல்யாண பரிசு' (1959) அழவைக்கிற காதல் கதைதான். ஆனால் அதில் தங்கவேலு, வேலையே இல்லாமல் தினமும் காலையில் மன்னார் அண்ட் கம்பெனிக்குக் கிளம்பிப் போகிறாரே, அதுதான் ஊருக்கே ஞாபகம். எழுதியவர் சித்ராலயா கோபு. 'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழமும் டிராக்தான்.

இன்னொரு வழியில் கதையே காமெடி. நாயகனும் சிரிக்க வைப்பான், நாயகியின் அப்பாவும் சிரிக்க வைப்பார். நாகேஷ் இருந்தாலும் அவர் கதைக்குள் ஒரு மகனாக, மருமகனாகத்தான் இருப்பார். இந்தப் பக்கம் முழுக்க நான் பேசுவது இந்த இரண்டாவது வகையை. கவுண்டமணி, செந்தில், வடிவேலு, விவேக் யாரையும் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அவர்களைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

'காதலிக்க நேரமில்லை'யில் கதை சொல்கிற காட்சியை ஏன் இன்னும் கொண்டாடுகிறார்கள்?

பார்க்காதவர்களுக்காக: சின்னமலை எஸ்டேட் முதலாளி விஸ்வநாதனாக டி.எஸ்.பாலையா. அவர் மகன் செல்லப்பாவாக நாகேஷ். செல்லப்பாவுக்கு சினிமா பைத்தியம். 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' என்று கம்பெனி வைத்திருக்கிறான். பணம் அப்பாவிடம் இருக்கிறது. சரி, என்ன படம் எடுக்கப்போகிறாய் என்று கேட்ட அப்பாவுக்குத் தான் எடுக்கப்போகும் திகில் கதையைச் சொல்லிக் காட்டுகிறான்.

காட்சியில் இருப்பது இரண்டே பேர். செட் என்று எதுவும் தேவைப்படவில்லை. காற்று, கதவு, காலடி என்று எல்லாச் சத்தத்தையும் நாகேஷே வாயால் போடுகிறார். குரலை இறக்குவார், சட்டென்று ஏற்றுவார், உடம்பை வளைத்துக்கொண்டு அப்பாவை நெருங்குவார். இதெல்லாம் நாகேஷுக்கு இடது கையால் பண்ணுகிற வேலை. காட்சியைத் தூக்கி நிறுத்துபவர் பாலையா. அவருக்கு வசனமே கிட்டத்தட்ட கிடையாது. கேட்கிறார், அவ்வளவுதான். முதலில் அப்பனுக்குரிய அலட்சியம். அப்புறம் லேசான ஆர்வம். அப்புறம் கண் பெரிதாகிறது, உடம்பு ஒடுங்குகிறது. தொழிலாளிகளை மிரட்டுகிற எஸ்டேட் முதலாளி, பெற்ற மகன் வாயால் போடுகிற சத்தத்துக்கு நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்தக் காட்சியை அடுத்த முறை பார்க்கும்போது நாகேஷை விட்டுவிட்டுப் பாலையாவின் முகத்தை மட்டும் பாருங்கள்.

இந்த மனிதர் 1936இல், எம்.ஜி.ஆரின் முதல் படமான 'சதி லீலாவதி'யிலேயே வில்லனாக வந்தவர். கெடுதல் பண்ணியே பேர் வாங்கியவரை இப்படி அப்பாவியாக்கிப் பார்த்த இயக்குநர் ஸ்ரீதருக்கும் எழுத்தாளர் கோபுவுக்கும் ஒரு கும்பிடு. அடுத்த மூன்று நான்கு வருஷத்திலேயே 'பாமா விஜயம்', 'ஊட்டி வரை உறவு', 'தில்லானா மோகனாம்பாள்' என்று பாலையாவின் இந்தப் பக்கத்தைத் தமிழ் சினிமா நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது.

இந்தப் படம் 'ப்யார் கியே ஜா' என்று 1966இல் இந்திக்குப் போனது. கதை சொல்லும் காட்சியை அங்கே மெஹ்மூதும் ஓம் பிரகாஷும் செய்தார்கள். வடக்கே இருப்பவர்கள் அதைத்தான் கொண்டாடுவார்கள். கொண்டாடிவிட்டுப் போகட்டும்.

இந்த வசனகர்த்தாக்களெல்லாம் எங்கிருந்து வந்தார்கள்?

பெரும்பாலும் ஆபீஸிலிருந்து, சபா வழியாக. பாலசந்தர் சென்னையில் அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். நாகேஷ் ரயில்வே குமாஸ்தா. கிரேசி மோகன் கிண்டியில் இன்ஜினியரிங் படித்துவிட்டு ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவர். எஸ்.வி.சேகருக்காக அவர் எழுதிய 'கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' நாடகத்தால்தான் 'கிரேசி' என்ற பட்டப்பெயரே ஒட்டிக்கொண்டது. சாயங்காலம் ஆபீஸ் முடிந்து ஒத்திகை, சனி ஞாயிறு சபாவில் நாடகம். இதுதான் அவர்களுடைய பள்ளிக்கூடம்.

சபா மேடையில் என்ன நடக்கும்? முன்வரிசையில் மாமாவும் மாமியும் பேரன் பேத்தியோடு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு வசனம் எல்லை மீறினால் அங்கேயே தெரிந்துவிடும். ஒரு ஜோக் எடுபடவில்லை என்றாலும் அங்கேயே தெரிந்துவிடும். மறுநாள் நாடகத்தில் அதைத் தூக்கிவிடலாம். இப்படி ஊர் ஊராகப் போட்டுப் பார்த்துச் செதுக்கிய வசனம்தான் அப்புறம் படமானது. 'சர்வர் சுந்தரம்', 'எதிர்நீச்சல்' எல்லாம் மேடையில் வெற்றி பெற்ற பிறகு சினிமாவுக்கு வந்தவை.

'எதிர்நீச்சல்' (1968) பற்றி ஒரு வார்த்தை. பல குடித்தனங்கள் இருக்கும் ஒரு வீடு, மாடிப்படிக்குக் கீழே குடியிருக்கும் அநாதை மாது, பட்டு மாமியாக சௌகார் ஜானகி, கிட்டு மாமாவாக ஸ்ரீகாந்த். இருமல் தாத்தா என்று ஒருவர் உண்டு, அவருடைய இருமல்தான் அவருடைய நடிப்பு. மேடையில் ஒரே செட்டில் நடக்க வேண்டிய கட்டாயம் இருந்ததால்தான் இப்படிப்பட்ட வீடுகள் கிடைத்தன. பணம் இல்லாத குறையே படத்துக்கு அழகாகிவிட்டது.

குழந்தைகள் கறுப்பு வெள்ளை என்றாலே எழுந்து போகிறார்கள். எதில் தொடங்குவது?

கலரில் தொடங்குங்கள். முதல் படமாக நான் எப்போதும் சொல்வது 'தில்லு முல்லு'. ரஜினியை எந்தக் குழந்தைக்கும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆனால் இது அவர்களுக்குத் தெரிந்த ரஜினி இல்லை. இன்டர்வியூவில் தன் பெயர் 'அய்யம்பேட்டை அறிவுடைநம்பி கலியபெருமாள் சந்திரன்' என்று பவ்யமாகச் சொல்லும் ரஜினி. எதிரே முதலாளியாகத் தேங்காய் சீனிவாசன். மீசை இல்லாதவனுக்கு வேலை இல்லை என்கிற கொள்கைக்காரர். மீசை வைத்த சந்திரன், மீசை இல்லாத தம்பி இந்திரன். இதற்கு மேல் குழந்தைகளுக்கு விளக்கம் வேண்டியதில்லை. விசுவின் வசனத்தையும் தேங்காய் சீனிவாசனையும் எடுத்துவிட்டால் அந்தப் படத்தில் பாதி இல்லை.

இரண்டாவதாகக் 'காதலிக்க நேரமில்லை'. ஈஸ்ட்மென் கலர், ஆளியாறு அணைப் பக்கம், வின்சென்ட்டின் ஒளிப்பதிவு. அறுபது வருஷம் ஆன படம் மாதிரியே தெரியாது. மூன்றாவதாக 'அன்பே வா'. ஏவி.எம்.மின் முதல் கலர் படம், சிம்லா. எம்.ஜி.ஆர். இதில் ஏழைகளைக் காப்பாற்றாமல் ஜாலியாக இருக்கிறார். அதைப் பார்ப்பதே ஒரு புது அனுபவம்.

இந்த மூன்றும் பிடித்துவிட்டால் கறுப்பு வெள்ளைக்கு மெதுவாகக் கொண்டுவரலாம். 'பாமா விஜயம்' (1967) நல்ல பாலம். பக்கத்து வீட்டுக்கு ஒரு சினிமா நட்சத்திரம் குடிவருகிறாள். மூன்று மருமகள்களும் அவளுக்கு முன்னால் பணக்காரர்களாகக் காட்டிக்கொள்ளத் தவணையில் சாமான் வாங்கிக் குவிக்கிறார்கள். இ.எம்.ஐ. கட்டிக்கொண்டிருக்கும் எந்த வீட்டுக்கும் இது பழைய கதை ஆகாது. 'வரவு எட்டணா செலவு பத்தணா' பாட்டு இந்தப் படத்தில்தான்.

'மைக்கேல் மதன காமராஜன்' ஒரே தடவையில் புரியாது என்கிறார்களே?

கதை புரியும். வசனம்தான் முழுசாகக் காதில் விழாது. ஒரு ஜோக்குக்குச் சிரித்து முடிப்பதற்குள் அடுத்த இரண்டு போய்விடும். 1990 தீபாவளிக்கு வந்த படத்தை இன்னும் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள் என்றால் காரணம் இதுதான். சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கம், கிரேசி மோகன் வசனம், கமலுக்கு நான்கு வேஷம்.

ஒரு யோசனை: தொடக்கத்தில் வரும் 'கதை கேளு' பாட்டை ஓட்டிவிடாதீர்கள். இளையராஜா பாடும் அந்தப் பாட்டுக்குள்தான் நான்கு குழந்தைகளும் எப்படிப் பிரிந்தார்கள் என்ற கதை முழுக்க இருக்கிறது. அதைத் தாண்டி வந்துவிட்டு, யார் யாருக்குப் பிறந்தார்கள் என்று கடைசி வரை கேட்டுக்கொண்டிருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நான்கில் எனக்குப் பிடித்தவர் சமையல்காரர் காமேஸ்வரன். கல்யாண வீட்டுச் சாம்பாரில் மீன் விழுந்துவிடுகிற காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். சுத்த சைவப் பந்தி. விஷயம் வெளியே தெரிந்தால் மானம் போய்விடும். சொல்லாமலும் இருக்க முடியாது. கமலின் பாலக்காட்டுத் தமிழும் டெல்லி கணேஷின் பதற்றமும் ஒன்றுக்கொன்று போட்டி. யாரும் கத்தவில்லை, யாரும் யாரையும் அடிக்கவில்லை. குசுகுசுவென்று பேசுவதிலேயே காட்சி போய்விடுகிறது. எஸ்.என்.லட்சுமியின் கைநீளப் பாட்டியும் நாகேஷும் ஊர்வசியும் வேறு. யாரைப் பார்ப்பது என்றே தெரியாது.

பாதிப் படம் வெளியிலிருந்து எடுத்ததுதானே?

ஆமாம். 'தில்லு முல்லு' இந்தி 'கோல்மால்' (1979) படத்தின் ரீமேக். 'மிஸ்ஸியம்மா'வுக்கு மூலம் ஒரு வங்காளக் கதை. 'அடுத்த வீட்டுப் பெண்' (1960) படமும் வங்காளத்திலிருந்து தெலுங்கு வழியாக வந்ததுதான். அதே கதை பிறகு இந்தியில் 'படோசன்' ஆனது. 'அவ்வை சண்முகி'க்கு 'மிஸஸ் டவுட்ஃபயர்', 'அன்பே வா'வுக்கு 'கம் செப்டம்பர்'. அதனால் என்ன? எலும்புக்கூடு வெளியூர். பேச்சு நம் ஊர். அமெரிக்க ஆயா மயிலாப்பூர் மாமியாக மாறும்போது மடிசாரும் பேச்சும் நடையும் எல்லாமே புதிதாக யோசிக்க வேண்டியவை. நாடக மேதை அவ்வை டி.கே.சண்முகத்தை நினைவுபடுத்தும் பெயரைத் தேடி வைத்தது ஒன்று போதாதா!

யு சான்றிதழ் இருந்தால் நம்பிப் பார்க்கலாமா?

பழைய படங்களுக்கு அது பெரிய உதவி செய்யாது. 1983க்கு முன் யு, ஏ என்று இரண்டுதான் பெரிய பிரிவு. யு/ஏ அப்புறம்தான் வந்தது. அதனால் அடிதடி, அழுகை, பழிவாங்கல் உள்ள எத்தனையோ படங்களும் யு வாங்கியிருக்கின்றன. 2011க்குப் பிறகு தமிழ்நாட்டில் கேளிக்கை வரி விலக்குக்கு யு சான்றிதழ் தேவை என்றாகிவிட்டதால், அதை வாங்கத் தயாரிப்பாளர்கள் அல்லாடியதும் உண்டு. நாலு காட்சியை வெட்டி வாங்கிய யு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இப்போது யு/ஏ-வை 7, 13, 16 வயது என்று பிரித்திருக்கிறார்கள். புதுப் படங்களுக்கு அது பரவாயில்லை. பழையதற்கு, முன்பே பார்த்த ஒருவரைக் கேட்பதுதான் வழி.

இன்றைக்குப் பார்க்கும்போது எது நெருடுகிறது?

நிறைய. பெண்டாட்டியைக் கன்னத்தில் அறைந்தால் கதை சுபமாக முடிவது, திக்குவாயைக் கிண்டலடிப்பது, குண்டு, கறுப்பு என்று உடம்பைச் சொல்லிச் சிரிக்க வைப்பது, 'ஊமை' என்பதையே ஜோக்காக்குவது. 'காதலிக்க நேரமில்லை'யிலேயே 'உங்க பொன்னான கைகள்' பாட்டில் ரோட்டில் நின்று பெண்களைச் சீண்டுவதை இன்றைய பெண் குழந்தை ரசிக்கவில்லை என்றால் அவள் பக்கம்தான் நியாயம். நான் காட்சியை ஓட்டிவிடுவதில்லை. "அது ஏன் தப்பு"ன்னு கேட்டால் சொல்லிவிட்டுப் படத்தைத் தொடர்வேன். கேட்காத குழந்தைக்கு வகுப்பு எடுப்பதில்லை.

இதில் 'சதி லீலாவதி' (1995) ஒரு சுவாரசியமான கேஸ். பாலுமகேந்திரா படம். பெண்டாட்டி குண்டாக இருக்கிறாள் என்று வெட்கப்படும் புருஷன், இன்னொருத்தியோடு பெங்களூர் போகிறான். படம் முழுக்கக் கல்பனாவின் பக்கம் நிற்கிறது. கோவை சரளாவும் கமலும் பேசுகிற கொங்குத் தமிழ் அபாரம். ஆனால் கள்ளக்காதல்தான் கதையின் அச்சு. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்குப் போடலாம். 'பஞ்சதந்திரம்' நல்ல சிரிப்புப் படம்தான், மாமனார் மாமியாரோடு உட்கார்ந்து பார்க்கிற படம் இல்லை.

'சம்சாரம் அது மின்சாரம்' காமெடிப் படமா?

1986இல் வந்த அந்தப் படத்துக்கு, நல்ல பொழுதுபோக்குப் படம் என்று தேசிய விருதே கிடைத்தது. இந்தப் பிரிவில் தங்கத் தாமரை வாங்கிய முதல் தமிழ்ப் படம். ஆனாலும் அது குடும்பச் சண்டைப் படம். வீட்டுக்கு நடுவே கோடு போட்டுப் பிரிக்கிற அளவுக்குச் சண்டை. சிரிப்பு மனோரமாவால் வருகிறது. கிஷ்முவிடம் அவர் சண்டைக்குப் போய், 'கண்ணம்மா, கம்முனு கெட' என்று தன்னை அடக்கும்படி வீட்டாரிடம் முன்பே சொல்லிவைத்துவிட்டு நடத்துகிற காட்சியை மட்டும் போட்டுக் காட்டினால் குழந்தைகள் முழுப் படத்தையும் கேட்பார்கள்.

யூடியூபில் காமெடி சீன் மட்டும் பார்த்தால் போதாதா?

டிராக் காமெடிக்குப் போதும். வடிவேலுவின் பத்து நிமிஷத்தை வெட்டி எடுத்தாலும் அது முழுசாக நிற்கும். பொய்யின் மேல் கட்டிய படங்களுக்கு இது சரிப்படாது. 'இன்று போய் நாளை வா'வில் (1981) இந்தி கற்றுக்கொள்ளும் காட்சி, 'ரகு தாத்தா', எல்லாருக்கும் தெரியும். 2024இல் ஒரு படத்துக்கே அந்தப் பெயரை வைத்தார்கள். ஆனால் அந்த ஆள் எதற்காக இப்படி இந்தி படித்துத் தொலைக்கிறான்? பெண்ணின் அப்பா இந்தி வாத்தியார். இன்னொருவன் வீட்டு வேலை செய்து வீட்டாரைக் கவரப் பார்க்கிறான், மூன்று பேரும் ஒருத்திக்காக ஆளுக்கொரு வழியில் அவதிப்படுகிறார்கள். இது தெரிந்து பார்த்தால் அதே காட்சியில் இரண்டு மடங்கு சிரிப்பு வரும். இருபத்து நாலு மணி நேர காமெடி சேனல்கள் வந்த பிறகு நமக்குக் காட்சிகள் மனப்பாடம், படங்கள் மறந்துபோயின.

இப்போது ஏன் அப்படி வருவதில்லை?

ஒரேயடியாக வருவதில்லை என்று சொல்ல மாட்டேன், குறைந்திருக்கிறது. எழுதக் கற்றுக்கொடுத்த சபா மேடை சுருங்கிவிட்டது. 1993இல் சன் டிவி வந்த பிறகு சாயங்காலக் காட்சிக்குப் போகிற குடும்பக் கூட்டம் சீரியலோடு வீட்டிலேயே தங்கிவிட்டது. நாடகக்காரர்களும் அங்கே போய்விட்டார்கள். ஐந்து பேர் ஒரு படத்துக்குப் போய் வந்தால் ஆகிற செலவைப் பார்த்தால், தியேட்டரை நம்பி எடுப்பவர்கள் நண்பர்கள் கூட்டத்தைத்தான் குறிவைப்பார்கள். அப்புறம், வீடும் மாறிவிட்டது. மாமா, அத்தை, சமையல்காரர், மாடியில் ஒரு குடித்தனக்காரர் என்று ஆள் இருந்தால்தானே பொய் சொல்லி ஏமாற்ற முடியும்? இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில், மூன்று பேர் ஆளுக்கொரு ஃபோனோடு இருக்கும் வீட்டில், ஆள்மாறாட்டம் பண்ண இடமில்லை. ஒரு செல்ஃபி போதும், 'தில்லு முல்லு' கதை இன்டர்வெல்லுக்கு முன்பே முடிந்துவிடும்.

அந்தப் படங்களா நல்லது, அதைப் பார்த்த நாட்களா?

நேர்மையாகச் சொன்னால் இரண்டும். ஞாயிறு சாயங்காலம் தூர்தர்ஷனில் படம், நடுவில் செய்திக்கு நிறுத்துவார்கள், டிவி இருந்த வீட்டில் தெருவே உட்கார்ந்திருக்கும். ஞாயிறு மதியம் ரேடியோவில் ஒலிச்சித்திரம் என்று முழுப் படத்தையும் ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கி வசனமாகப் போடுவார்கள். படத்தைக் கண்ணால் பார்க்காமலே காதால் பார்த்தவர்கள் உண்டு. வசனத்தால் நின்ற காமெடிகள் அதில்தான் ஊருக்குள் பரவின. சேர்ந்து சிரித்த ஞாபகம் படத்தின் மேல் ஏறிக்கொண்டதும் உண்மை. சில படங்களைத் திரும்பப் பார்த்தால் 'இதற்கா அப்படிச் சிரித்தோம்' என்று இருக்கிறது. பெயர் சொல்லவில்லை, சண்டைக்கு வருவார்கள். 'தில்லு முல்லு'வும் 'காதலிக்க நேரமில்லை'யும் அந்தப் பட்டியலில் இல்லை.

எந்தப் பிரதியில் பார்ப்பது? நீளம் அதிகமாக இருக்கிறதே?

உரிமை வைத்திருப்பவர்களே நிறையப் படங்களை முழுசாக யூடியூபில் போட்டிருக்கிறார்கள். ஒரே படத்துக்கு நாலு பதிவு இருந்தால், நீளம் அதிகமான பதிவைத் தேர்ந்தெடுங்கள். டிவிக்காக வெட்டிய பிரதிகளில் வேஷம் போடுகிற காட்சியைத் தூக்கியிருப்பார்கள், அப்புறம் அந்தத் தாடிக்காரர் யாரென்றே தெரியாது. இரண்டே முக்கால் மணி நேரம் ஒரே மூச்சில் முடியாது என்றால், இடைவேளை என்று எழுத்து வரும் இடத்தில் நிறுத்தி மறுநாள் தொடருங்கள். பொய் முற்றி எல்லாரும் மாட்டிக்கொள்ளப்போகிற இடத்தில்தான் அந்த எழுத்தைப் போடுவார்கள். மறுநாள் சாயங்காலம் பிள்ளைகளே வந்து ரிமோட்டைக் கையில் கொடுப்பார்கள்.